இல்லாத கோளைப் பார்த்தவர்கள்

சில வருடங்களுக்கு முன் என் ஸ்கூட்டர் திடீரென்று பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி 35க்கு இறங்கிவிட்டது. வழக்கமாகப் போடும் பங்கில் அளவு குறைத்து ஊற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பெரிதாக யோசித்துக் கட்டிய முடிவு ஒன்றும் இல்லை. பங்க் என்றால் ஏமாற்றுவார்கள் என்பது நம் ஊரில் எல்லோரும் கேட்டு வளர்ந்த விஷயம்தானே.

ஒரு நாள் துணிந்து, அளந்து காட்டச் சொன்னேன். பங்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். ஊற்றிக் காட்டினார்கள். கோட்டில் சரியாக நின்றது. காரணம் பங்க் இல்லை போலிருக்கிறது என்று அப்போதே நான் நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு: கேட்கிறான் என்று தெரிந்ததும் உஷாராகி சரியாக ஊற்றிவிட்டார்கள். வேறு பங்குக்கு மாறினேன். மைலேஜ் ஏறவில்லை. இவனும் அதே கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மெக்கானிக் ஒருவர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அரைச் சுற்றிலேயே நின்றது. "பிரேக் பிடிச்சிக்கிட்டே ஓடுது சார்" என்றார். இரண்டு நிமிட வேலை.

நான் சொல்ல வந்தது அந்த 'உஷாராகிவிட்டார்கள்' பற்றித்தான். நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு எதிராகச் சான்று வருகிறது. உடனே நம்பிக்கையைக் காப்பாற்ற மனம் ஒரு புது ஊகத்தைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கிறது. இதைத் துணை ஊகம் என்று வைத்துக்கொள்வோம். துணை ஊகம் என்றாலே மோசடி என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அறிவியல் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அப்படிப்பட்ட ஓர் ஊகத்தால்தான் கிடைத்தது. அதைச் சாதித்த அதே மனிதர், அதே வழியில் இன்னொரு முறை போய் வழுக்கி விழுந்தார். அவர் பெயர் உர்பைன் லெ வெரியே. பிரான்ஸ் நாட்டு வானியலாளர்.

வில்லியம் ஹெர்ஷல் 1781ல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அது எந்தத் தேதியில் எங்கே இருக்கும் என்று நியூட்டனின் ஈர்ப்பு விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோள் கணக்குக்கு அடங்கவில்லை. சில காலம் முந்தியது, சில காலம் பிந்தியது. வித்தியாசம் மிகச் சிறியதுதான், ஆனால் அளக்கிறவர்கள் விடுவார்களா? இங்கே இரண்டு வழிகள் இருந்தன. நியூட்டன் சொன்னது அவ்வளவு தொலைவில் செல்லாது என்று சொல்லலாம். அல்லது, யுரேனஸுக்கு அப்பால் நாம் பார்க்காத ஒரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று சொல்லலாம்.

இரண்டாவது வழி, யோசித்துப் பார்த்தால், என் பெட்ரோல் பங்க் கதை மாதிரியே இல்லையா? விதி பொய்த்துப்போகிறது, உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு குற்றவாளியைக் கொண்டுவருகிறோம். லெ வெரியே செய்தது அதுதான். கூடவே நான் செய்யாத ஒன்றையும் செய்தார். அந்தக் குற்றவாளி இன்ன இடத்தில் நிற்கிறான் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். (இங்கிலாந்தில் ஜான் கவுச் ஆடம்ஸ் என்பவரும் தனியாக அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு எவ்வளவு பெருமை என்பதில் இரு நாட்டுக்கும் பெரிய சண்டையே நடந்தது.)

லெ வெரியேயின் கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் ஆய்வகத்தில் யோஹான் கால்லேயின் கைக்கு வந்தது. அன்று இரவே அவரும் டாரெஸ்ட் என்ற மாணவரும் தொலைநோக்கியில் உட்கார்ந்தார்கள். கால்லே தெரிகிற ஒளிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, டாரெஸ்ட் புதிய வான்வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி சிக்கியது. சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தூரம். வானத்தில் இரண்டு முழுநிலவைப் பக்கத்தில் வைத்தால் வரும் அகலம். அதுதான் நெப்டியூன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு முன்கதை. நெப்டியூனை அதற்கு முன்பே பலர் பார்த்திருக்கிறார்கள். கலிலியோ 1612 டிசம்பரில் வியாழனை வரையும்போது பக்கத்தில் ஒரு விண்மீன் என்று அதையும் குறித்து வைத்தார். 1795 மே மாதத்தில் பாரிஸில் லாலாந்து என்ற வானியலாளர் அதை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை பதிவு செய்தார். இரண்டு பதிவுக்கும் இடம் ஒத்துப்போகவில்லை. விண்மீன் நகராதே! முதல் அளவைத் தவறு என்று ஒதுக்கி, இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு சந்தேகக் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார். உண்மையில் அந்த வித்தியாசம்தான் கண்டுபிடிப்பு. அவர் கையில் இருந்தது.

சரி, இப்போது புதனுக்கு வருவோம். சூரியனை நெருங்கிச் சுற்றும் புதனின் பாதை நீள்வட்டம். அந்த நீள்வட்டமே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மற்ற கோள்கள் இழுப்பதால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று நியூட்டன் விதியை வைத்துக் கணக்கிட முடியும். லெ வெரியே 1859ல் கணக்கிட்டார். நூறு ஆண்டுக்கு 38 விகலை மிச்சம் வந்தது. பின்னால் சைமன் நியூகோம் அதை 43 விகலை என்று திருத்தினார். ஒரு பாகையில் 3600 விகலை. அதாவது இந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து ஒரு பாகை ஆவதற்கு 8000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நுண்ணிய முரண்.

லெ வெரியே முன்பு பலித்த மருந்தையே மறுபடி எடுத்தார். புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும், அல்லது சிறு பொருள்களின் கூட்டம் இருக்க வேண்டும் என்றார். அந்த ஆண்டு முடிவதற்குள், ஓர்ஜேர் என்ற ஊரிலிருந்து லெஸ்கார்போ என்ற கிராம மருத்துவர் கடிதம் எழுதினார். மார்ச் 26 அன்று சூரியனின் முகத்தில் ஒரு சிறு கரும்புள்ளி கடந்து போனதைத் தன் தொலைநோக்கியில் பார்த்தேன் என்று. லெ வெரியே டிசம்பர் 31 அன்று முன்னறிவிப்பு இல்லாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். மருத்துவரைக் குறுக்கு விசாரணையே செய்தார். லெஸ்கார்போ தச்சு வேலையும் தெரிந்தவர். கணக்குகளைப் பலகையில் எழுதி, இடம் தீர்ந்தால் சீவிவிட்டு மறுபடி எழுதுகிற ஆள். எப்படியோ லெ வெரியே திருப்தியோடு திரும்பினார். கோளுக்கு வல்கன் என்று பெயர் ஏற்பட்டது. மருத்துவருக்கு பிரான்ஸின் லெஜியன் டொனர் விருது கிடைத்தது.

அதே நாளில் பிரேசிலில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த எம்மானுவேல் லியே என்ற வானியலாளர் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. இன்னொரு சங்கடம் லெ வெரியேயின் கணக்கிலேயே இருந்தது. லெஸ்கார்போ பார்த்த புள்ளியின் அளவை வைத்துப் பார்த்தால் அந்தக் கோளின் நிறை புதனில் 17ல் ஒரு பங்குதான் தேறியது. புதனை அவ்வளவு இழுக்க அது போதவே போதாது. அப்படியானால் அங்கே இன்னும் பல கோள்கள் இருக்க வேண்டும் என்றாயிற்று. முட்டுக் கொடுக்க வந்த கோளுக்கே முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று, பாருங்கள்.

பிறகு வந்தவை எல்லாம் இதே கதைதான். 1876ல் ஜெர்மனியில் ஒருவர் வல்கனைப் பார்த்ததாக அறிவித்தார். கிரீனிச் ஆய்வகத்தில் அதே நாளில் எடுத்த புகைப்படத்தில் அது சாதாரண சூரியப் புள்ளி. 1877 மார்ச் 22 அன்று வல்கன் சூரியனைக் கடக்கலாம் என்று லெ வெரியே சொன்னார். பல நாடுகளில் காத்திருந்து பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று, நெப்டியூன் அகப்பட்ட அதே தேதியில், லெ வெரியே இறந்துபோனார். வல்கன் உண்டு என்ற நம்பிக்கையோடுதான்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம். ஜேம்ஸ் வாட்சன் வயோமிங்கிலும், லூயிஸ் சுவிஃப்ட் டென்வரிலும் நின்று பார்த்தார்கள். வாட்சன் லேசுப்பட்டவர் இல்லை, 22 சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். இருவரும் வல்கனைக் கண்டோம் என்றார்கள். ஆளுக்கொரு இடம் சொன்னதுதான் பிரச்சினை. அவர்கள் பார்த்தது அங்கே ஏற்கெனவே இருக்கும் விண்மீன்களாக இருக்கலாம் என்று மற்றவர்கள் சுட்டிக் காட்டினார்கள். வாட்சன் மசியவில்லை. ஆழமான குழியின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பகலிலும் விண்மீன் தெரியும் என்ற பழைய நம்பிக்கையை வைத்து, விஸ்கான்சினில் நிலவறை தோண்டிக் குழாய் பதித்து வல்கனைத் தேட ஏற்பாடு செய்தார். வேலை முடியும் முன்பே 1880ல், 42 வயதில் இறந்தார்.

லாலாந்து, இருந்த கோளைப் பார்த்தும் பார்க்கவில்லை. வாட்சன், இல்லாத கோளைப் பார்த்தார். இருவருமே கைதேர்ந்தவர்கள். முன்னவர் எதையும் எதிர்பார்க்கவில்லை, பின்னவர் ஒன்றை மட்டுமே எதிர்பார்த்தார்.

வல்கனை முடித்து வைத்தவர் ஐன்ஸ்டைன். 1915 நவம்பரில் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை வைத்துப் புதனின் பாதையைக் கணக்கிட்டார். எந்தக் கோளையும் புதிதாகச் சேர்க்காமல் 43 விகலை வந்தது. மகிழ்ச்சியில் சில நாட்கள் நிலைகொள்ளவில்லை என்று நண்பருக்கு எழுதினார். இந்த முறை தவறு நியூட்டன் பக்கம்தான் இருந்தது.

இதில் பாடம் என்ன என்று கேட்டால், "ஐன்ஸ்டைன் மாதிரி யோசி" என்பது வெட்டிப் பேச்சு. 1859ல் நியூட்டனைக் கைவிட்டு யாரும் எங்கேயும் போயிருக்க முடியாது. போவதற்கு இடமே இல்லை. பின்னாளில் அசஃப் ஹால் என்பவர் நியூட்டன் விதியில் தூரத்தின் மேல் வரும் 2 என்ற அடுக்கை 2.00000016 என்று மாற்றினால் புதன் சரியாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தார். புதன் சரியானது. சந்திரனின் கணக்கு உதைத்தது. விதியைத் திருத்துகிறேன் என்று இறங்குவதும் ஒட்டுப் போடும் வேலையாகவே முடியலாம்.

பியேர் துஹேம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1906ல் இந்தச் சிக்கலைத் தெளிவாகச் சொன்னார். எந்தக் கணிப்பும் ஒரே ஒரு கருத்திலிருந்து வருவதில்லை. புதன் இங்கே இருக்கும் என்று சொல்லும்போது ஈர்ப்பு விதி, நமக்குத் தெரிந்த கோள்களின் பட்டியல், அவற்றின் நிறை, கடிகாரம், தொலைநோக்கி என்று ஒரு மூட்டையே அதன் பின்னால் இருக்கிறது. கணிப்பு பொய்த்தால் மூட்டையில் ஏதோ ஒன்று சொத்தை என்பது மட்டும்தான் தெரியும். எது என்று தர்க்கம் சொல்லாது.

இட்லி மாவு புளிக்கவில்லை என்று வையுங்கள். உளுந்து பழசாக இருக்கலாம், ராத்திரி குளிராக இருந்திருக்கலாம், தண்ணீரில் குளோரின் அதிகமாக இருந்திருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் கண் பட்டிருக்கலாம். நான்கும் துணை ஊகம்தான். முதல் மூன்றுக்கும் நாளைக்கே வேலை இருக்கிறது: புது உளுந்து வாங்கு, அடுப்புக்குப் பக்கத்தில் வை, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அரை. அப்படியும் புளிக்கவில்லை என்றால் அந்த ஊகம் செத்தது. நான்காவதைக் கொல்ல வழி என்ன? சுற்றிப்போட்ட பிறகும் புளிக்காவிட்டால், பட்ட கண் பெரிய கண் என்பார்கள்.

ஜாதகம் பலிக்காதபோது பிறந்த நேரத்தைத் தப்பாகக் குறித்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. மருந்து கேட்காதபோது பத்தியம் தவறியிருக்கும் என்பார்கள். இவை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. நேரம் உண்மையிலேயே தவறியிருக்கலாம், பத்தியமும் தவறியிருக்கலாம். பலிக்காமல் போனது என்பதைத் தவிர, பிறந்த நேரம் தவறு என்பதற்கு வேறு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு நேரம் இருந்தால், சரி. பலித்தவர்கள் ஜாதகத்திலும் அதே கண்டிப்போடு நேரத்தைச் சரிபார்த்தார்களா? இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

பின்னாளில் அறிவியல் தத்துவத்தில் பேர்பெற்ற கார்ல் பாப்பர் இளைஞராக இருந்தபோது, 1919ல், வியன்னாவில் உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரோடு பழகிக்கொண்டிருந்தார். அட்லரின் தாழ்வுணர்ச்சிக் கோட்பாட்டுக்குப் பொருந்தாததாகத் தனக்குத் தோன்றிய ஒரு குழந்தையைப் பற்றி அவரிடம் சொன்னார். அட்லர் குழந்தையைப் பார்க்காமலே தன் கோட்பாட்டின்படி அழகாக விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆயிரம் பேரைப் பார்த்த அனுபவம் என்றார். இப்போது அது ஆயிரத்தொன்று ஆகிவிட்டது போலும் என்று பாப்பர் பதில் சொன்னாராம். எதிரான சான்றும் கணக்கில் வரவாகிவிடுகிறது என்பதுதான் அந்தக் குத்தல். பாப்பர் பிற்பாடு வளர்த்தெடுத்த கருத்து இதிலிருந்து கிளைத்தது: ஒரு கோட்பாடு எதை நடக்காது என்று சொல்கிறதோ, அதில்தான் அதன் சரக்கு இருக்கிறது. எது நடந்தாலும் பொருந்தும் என்றால் அது எதையுமே சொல்லவில்லை.

பாப்பரை அப்படியே எடுத்துக்கொண்டால் துஹேமிடம் முட்டிக்கொள்வோம். முதல் எதிர்ச் சான்றிலேயே நியூட்டனைத் தூக்கிப் போட்டிருந்தால் நெப்டியூன் கிடைத்திருக்காது. எனவே நான் இப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஊகத்துக்கு முதல் முறை இடம் கொடு, ஆனால் அது ஒரு விலாசம் தர வேண்டும். எங்கே, எப்போது, எதைப் பார்த்தால் தெரியும் என்று. விலாசத்துக்குப் போய் ஆள் இல்லை என்றால், அடுத்த விலாசம் முந்தையதைவிடத் துல்லியமாகிறதா, மங்கலாகிறதா என்று பார்க்க வேண்டும். வல்கனுக்கு முதலில் நல்ல விலாசம் இருந்தது. 1860ல் அதை நம்பியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். போகப் போக அது ஒரு கோளா பலவா, பெரிதா சிறிதா, எத்தனை நாளில் சுற்றும் என்பதெல்லாம் குழைந்துகொண்டே போனது. வாட்சன் குழி தோண்டிய கட்டத்தில் விலாசமே மிஞ்சியிருக்கவில்லை. அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தினர் 1901 முதல் 1908 வரை கிரகணங்களின்போது சூரியனைச் சுற்றிப் படம் எடுத்துத் துழாவினார்கள். அங்கே புதன் விலகலுக்குக் காரணமாகும் அளவுக்கு எதுவும் இல்லை. ஐன்ஸ்டைன் வருவதற்கு முன்பே வானியலாளர்களில் பலர் வல்கனைக் கைகழுவிவிட்டார்கள்.

பலித்த ஊகம் ஒன்று, பலிக்காத ஊகம் ஒன்று என்ற இதே ஜோடி, விண்ணிலிருந்து வரும் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறக்கோடுகளிலும் உண்டு. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று சில கோடுகள் இருக்கும். 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஷான்சன் பார்த்தார், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய விளிம்பின் ஒளியில் தெரியவந்த, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத மஞ்சள் கோட்டுக்கு ஒரு புதுத் தனிமம் காரணம் என்று ஊகித்து ஹீலியம் என்றார்கள். 1895ல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே, ஒரு யுரேனியத் தாதுவில் பிடித்தார். அதே காலத்தில் நெபுலாக்கள் என்ற விண்வெளி வாயு மேகங்களில் தெரிந்த பச்சைக் கோடுகளுக்கும் நெபுலியம் என்று ஒரு தனிமத்தைச் சொன்னார்கள். 1927ல் ஐரா போவன் அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான் என்று காட்டினார். தனிமப் பட்டியல் நிரம்ப நிரம்ப நெபுலியத்துக்கு உட்கார இடமே இல்லாமல் போயிருந்தது.

நம் காலத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கரும்பொருள். 1933ல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்தைப் பார்த்து, தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இது எப்போதோ சிதறியிருக்குமே என்றார். 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமிடா என்ற விண்மீன் மண்டலத்தின் வெளிப்பகுதி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதை அளந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருள் இழுக்கிறது என்பது ஒரு பதில். ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்பது மோர்டஹாய் மில்க்ரோம் 1983ல் சொன்ன பதில். யுரேனஸா புதனா என்ற அதே கேள்வி.

கரும்பொருள் துகளைப் பிடிக்க, பிற கதிர்கள் தொந்தரவு செய்யாத ஆழத்தில், சுரங்கங்களுக்குள் கருவிகளை வைத்துப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். மறுபடியும் குழிதான். வாட்சனின் குழிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்கள் ஒவ்வொரு தோல்வியையும் கணக்காக வெளியிடுகிறார்கள்: துகள் இந்த நிறையில், இந்த வலிமையில் மோதுவதாக இருந்தால் இத்தனை நாளில் சிக்கியிருக்கும், சிக்கவில்லை, ஆகவே அப்படிப்பட்ட துகள் இல்லை. தேட வேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நான் இதில் வல்லுநன் இல்லை. கேட்டால் கரும்பொருள் பக்கம்தான் சாய்வேன். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியில் பதிந்திருக்கும் ஏற்ற இறக்கங்களையும், ஒளி வளைந்து வருவதையும் அது ஒரே மூச்சில் விளக்குகிறது. கூடுதல் பொருள் எதையும் சேர்க்காமல், மில்க்ரோம் வழியில் வந்த ஒரே சமன்பாடு அந்த இரண்டையும் விளக்கிக் காட்டட்டும், அன்றைக்கே கட்சி மாறிவிடுகிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.